சோம்பேறியை எழுப்புங்கள்

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. சாப்பிட்டு முடித்தவர் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்தால், அதுவரை மேஜையில் பேசியதற்கு அவர் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். ஒத்துக்கொள்ளாதவர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கலாம். காபி ஆறினாலும் பரவாயில்லை, வாதாடலாம்.

அப்பா கொண்டுவந்த வழக்கம் அது. இரண்டு பழைய விமானங்களோடு அவர் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலிருந்தே, போர்டு மீட்டிங் நடக்கும் நாளின் காலையில் குடும்பம் மொத்தமும் இங்கே உட்கார்ந்து சண்டையைப் போட்டு முடித்துவிடும். மதியம் போர்டு ரூமில் குடும்பத்தார் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசக் கூடாது. "நம்ம வீட்டுச் சண்டைக்கு வெளியாள் எதுக்கு டிக்கெட் வாங்கணும்?" என்பார் அப்பா. மீட்டிங் குறிப்பில் ஒவ்வொரு தீர்மானத்துக்குக் கீழேயும் ஒரே வார்த்தைதான் இருக்கும்: ஒருமனதாக.

அப்பா போன பிறகும் சட்டம் போகவில்லை. இப்போது அம்மா தலைவர் நாற்காலியில். சின்னவன் நிர்வாக இயக்குநர். அவனுடைய அக்கா, வீட்டில் எல்லோரும் பெரியவள் என்று கூப்பிடுபவள், விமானங்களை அன்றாடம் இயக்கும் பிரிவுக்குப் பொறுப்பு. போன வாரம் நாம் விட்டுவந்தபோது சின்னவன் ஒரு யோசனையோடு வீட்டுக்குள் நுழைந்திருந்தான். சோம்பேறியை அனுப்பிவிடலாம் என்றான்.

சோம்பேறி என்பது ஆள் இல்லை. விமானம்.

கம்பெனியிடம் பதினொரு விமானங்கள். பத்து பறக்கும். ஒன்று ஓரமாக நிற்கும். எரிபொருள் நிரப்பி, இருக்கைகளைத் துடைத்து, எந்த ஊருக்கும் போகாமல் நிற்கும். பத்தில் ஏதாவது ஒன்று படுத்துக்கொண்டால் அந்த இடத்துக்கு ஓடுவதுதான் அதன் வேலை. அப்பாதான் அதற்குச் சோம்பேறி என்று பேர் வைத்தார். வைத்தவர் கடைசி வரை அதை விற்க விடவில்லை.

அன்று காலை மேஜையில் நாலு பேர். மூன்று பேரைச் சொல்லிவிட்டேன். நாலாவது ஆள் சித்தப்பா. ரத்த சொந்தம் இல்லை, அப்பாவின் கல்லூரி நண்பர். அதனால் சட்டப்படி அவர் போர்டில் வெளி இயக்குநர். குடும்பத்தைச் சாராமல் யோசித்து, தப்பைத் தப்பு என்று சொல்வதற்காக உட்காரவைக்கப்பட்டவர். இந்த வீட்டில் சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று அம்மாவைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்," சின்னவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஆரம்பித்தான். "ஒருத்தன் வேலைக்கு வரான். சம்பளம் வாங்கறான். நாள் பூரா தூங்கறான். நீ என்ன பண்ணுவ?"

"அவன் தீயணைப்பு வண்டி டிரைவரா இருந்தா போர்வை வாங்கிக் குடுப்பேன்."

சித்தப்பா சிரித்துவிட்டார். சின்னவன் முறைத்ததும் சிரிப்பைக் காபியில் முக்கினார்.

"கிண்டல் பண்ணாத. போன மாசம் எத்தனை தடவை எழுப்பின அதை? ரெண்டே தடவை. அதை வேற கம்பெனிக்கு வாடகைக்கு விட்டா அவன் ஓட்டிக்கிட்டு போறான். நம்ம சராசரியும் ஏறும்."

இந்தச் சராசரியைக் கொஞ்சம் நின்று பார்த்துவிடுவோம். பார்த்தால்தான் அன்றைய சண்டை புரியும்.

ஒரு விமானம் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வானத்தில் இருக்கிறது என்பதுதான் விமானக் கம்பெனிகளைத் தராசில் வைக்கும் முக்கியமான எண். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது. ஆனால் அதற்கான செலவு நிற்காது. ஆகவே கூடுதல் நேரம் பறக்கும் கம்பெனி திறமையான கம்பெனி. இதுவரை சரிதான். ஆனால் மொத்த மணி நேரத்தை மொத்த விமானங்களால் வகுத்துத்தானே சராசரி வரும்? பதினொன்றில் சும்மா நிற்கும் ஒன்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், மீதி பத்தும் ஒரு நிமிடம்கூட அதிகமாகப் பறக்காமலே சராசரி ஏறிவிடும். வகுப்பில் ஒரு பையனை டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடம் முன்னேறிவிட்டது என்று சொல்வதைப் போல.

சின்னவனுடைய ஊக்கத்தொகை அந்தச் சராசரியோடு கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் சித்தப்பா. நிர்வாக இயக்குநரின் ஊதியத்தை முடிவு செய்யும் குழுவுக்கு அவர்தான் தலைவர். மேஜையில் இருந்த யாரும் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பையன் உற்சாகமாக உழைக்கட்டும் என்றுதான் செய்தார்கள்.

"அது இல்லடா விஷயம்," என்றாள் பெரியவள். "ரெண்டு தடவைதான் எழுப்பினேன். ஆனா அது அங்க நிக்குதுங்கற தைரியத்துலதான் மத்த பத்தும்..."

"அக்கா." சின்னவன் கத்தியைக் கீழே வைத்தான். குரல் இறங்கிவிட்டது. "பங்குதாரர் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இந்த வருஷம் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டறேன்னு. அப்பா நாற்காலியில ஓசியில உக்காந்திருக்கான்னு ஒருத்தர் என் காது படவே சொன்னாரு. எனக்கும் ஒண்ணு செஞ்சு காட்டணும் இல்ல?"

அம்மா மகனைப் பார்த்தாள். பெரியவளும் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

போன் அதிர்ந்தது. கன்ட்ரோல் ரூமின் ஷிஃப்ட் பொறுப்பாளர்.

"மேடம், காலை முதல் சர்வீஸ். இடது பக்க பிரேக்கில ஆயில் கசியுது. இன்ஜினியர் கீழ படுத்துப் பாத்துக்கிட்டிருக்காரு. சோம்பேறியை எழுப்பவா?"

"இதைக் கேக்கணுமா? எழுப்புங்க. நான் வரேன்."

ஒரு கையில் போன். இன்னொரு கை, இத்தனை வருடமும் பழகியதைச் செய்தது. தட்டை எடுத்தாள், கழுவும் தொட்டியில் வைத்தாள், கார் சாவியைத் தேடிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

சின்னவன் தொட்டியில் கிடந்த தட்டைப் பார்த்தான். பிறகு அம்மாவை.

"பாத்தியாம்மா? எடுத்துட்டா."

அம்மா மேஜைமேல் சிந்தியிருந்த ரொட்டித் துகள்களை விரலால் ஒன்று சேர்த்தாள்.

"ம்," என்றாள்.

---

சோம்பேறி வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது.

உள்ளே சுத்தம் செய்ய ஹேங்கர் கொட்டகைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கன்ட்ரோல் ரூமில் சொல்லியிருந்தார்கள். சுத்தம் செய்வது அரை நாள் வேலை. எப்போது வேண்டுமானாலும் வெளியே இழுத்துக்கொள்ளலாம். ஆகவே கன்ட்ரோல் ரூம் பலகையில் அதன் பேருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பெரியவள் ஹேங்கருக்குள் நுழைந்தாள்.

இருக்கைகள் தரையில் இருந்தன. மூன்று மூன்றாக, வரிசையாக, சுவரைப் பார்த்துக்கொண்டு. படம் ஓடாத தியேட்டர் மாதிரி. விமானத்தின் வாலில் கம்பெனிச் சின்னத்தைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் ஒட்டி, நாடாவால் ஓரம் கட்டியிருந்தார்கள். பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். வேறு கம்பெனியின் நிறம்.

"யார் சொல்லி இது நடக்குது?"

ஒப்பந்தக்காரர் ஏணியிலிருந்து பாதி இறங்கினார். "எம்.டி. ஆபீஸ்லேர்ந்து சொன்னாங்க மேடம். சீக்கிரம் வேணும்னாங்க." அவள் முகத்தைப் பார்த்ததும் மீதிப் படிகளில் இறங்காமல் அங்கேயே நின்றார். "ஏன் மேடம், உங்களுக்குத் தெரியாதா?"

அந்தக் கேள்விதான் சுட்டது. தீர்மானம் மதியம்தான் போர்டுக்கு வருகிறது. காலைச் சாப்பாடு இப்போதுதான் முடிந்திருக்கிறது. இருக்கைகளோ ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டன. அப்படியென்றால் தம்பி மேஜையில் அவளிடம் கேட்டது எதை?

"திரும்ப மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"கழட்டறது சுலபம் மேடம். மாட்டினா ஒவ்வொண்ணையும் சோதிச்சு கையெழுத்து வாங்கணும். நாளைக்குள்ள முடியாது."

பெரியவள் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டாள். "பலகையில பச்சையை அணைச்சிடுங்க. சோம்பேறி எழுந்திரிக்க மாட்டான்."

அவள் பயணிகள் ஏறும் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது முதல் சர்வீஸ் விமானம் பயணிகள் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. தலைமை இன்ஜினியர் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேக்கை அழுத்துவது எண்ணெயின் விசை. எண்ணெய் கசியவே கூடாது என்று விதி இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குள் சொட்டினால் அனுப்பலாம். அதைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். அன்றைக்கு அது சரியாகக் கோட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை எண்ணினால் உள்ளே, மறுமுறை எண்ணினால் வெளியே.

"எம்.டி. ஆபீஸ்லேர்ந்து ரெண்டு தடவை போன் வந்திடுச்சு," என்றார் இன்ஜினியர் தலையை நிமிர்த்தாமல். "'அளவுக்குள்ளதானே இருக்கு, அனுப்பலாமே'ங்கறாங்க. தப்பாவும் சொல்லல. அளவுக்குள்ளதான் இருக்கு. இந்தத் தடவை எண்ணினப்போ."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நேத்து வரைக்கும் நான் நினைக்கவே வேணாம் மேடம். கோட்டுகிட்ட வந்தாலே 'நிறுத்து, சோம்பேறியைக் கொண்டா'ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். யாருக்கும் நஷ்டம் இல்ல, எனக்கும் திட்டு இல்ல. இன்னிக்கு நிறுத்துன்னு சொன்னா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருக்கற அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க." அவர் எழுந்து கையைத் துடைத்தார். "அதனால நாலு தடவை எண்ணிட்டேன். நாலு தடவை எண்ண வெச்சதே எனக்குப் பிடிக்கல."

"நிறுத்துங்க," என்றாள் பெரியவள். "என் பேர்ல நிறுத்துங்க."

இன்ஜினியர் ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்குத் தேவைப்பட்டது அதுதான்.

பிறகு நடந்ததை யாரும் தடுத்திருக்க முடியாது. அந்த ஒரே விமானம்தான் அன்று முழுவதும் ஊர் ஊராகப் போய்த் திரும்ப வேண்டியது. காலையில் அது நகரவில்லை என்றால், அடுத்த ஊரில் அதற்காகக் காத்திருப்பவர்களும், அதற்கடுத்த ஊரில் காத்திருப்பவர்களும் நகர முடியாது. பைலட்டுகளின் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. காத்திருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். மதியம் பிரேக் சரியாகி விமானம் தயாரானாலும் ஓட்ட வேண்டியவர் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிடும்.

கவுன்டருக்கு முன்னால் ஒரு பெண் பெரியவளை வழிமறித்தாள். கையில் ஒரு பை, கண்ணில் தூக்கமே இல்லை.

"அங்க எங்கம்மாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன். உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பாத்துடறேன்னு சொல்லியிருந்தேன். எப்ப கிளம்பும்? நீங்கதான் இதுக்குப் பொறுப்பா?"

"ஆமா," என்றாள் பெரியவள். "நான்தான். வேற கம்பெனி விமானத்துல உங்களுக்கு எடம் கேட்டிருக்கேன். மதியத்துக்குள்ள கிடைக்கும்."

"ஆபரேஷன் பன்னெண்டு மணிக்கு."



---

போர்டு ரூம் மேஜையில் தட்டுகள் கிடையாது. தண்ணீர்க் கிளாஸ்கள் மட்டும்.

வீட்டிலிருந்து வந்த நாலு பேரோடு ஐந்தாவதாக ஒருவர். ஓய்வுபெற்ற நீதிபதி அம்மையார். குடும்பத்துக்கு அறிமுகமே இல்லாத ஓர் ஆள் போர்டில் வேண்டும் என்று வெளிப் பங்குதாரர்கள் பிடிவாதம் பிடித்ததால் வந்தவர். இதற்கு முன் நடந்த மீட்டிங்குகளில் அதிகம் பேசியதில்லை. முதல் நாளே சித்தப்பா அவரிடம் அன்பாகச் சொல்லியிருந்தார்: "நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம்மா. எல்லாம் பேசி முடிச்சுத்தான் இங்க வரும்."

சின்னவன் திரையில் பறக்கும் நேரத்தின் வரைபடத்தைக் காட்டினான். பத்து உயரமான நீலப் பட்டைகள். பதினொன்றாவது இடத்தில் குட்டையாக ஒரு சாம்பல் பட்டை. நன்றாகப் பேசினான். எப்போதுமே நன்றாகப் பேசுவான்.

"ஆகவே அம்... தலைவர் அவர்களே, இந்த விமானத்தை வாடகைக்கு விடறதா தீர்மானம். குடும்பத்துல எல்லாரும் பேசிட்டோம். இயக்கப் பிரிவும் சம்மதிச்சாச்சு."

அம்மா தீர்மானத்தை வாசிக்கக் கண்ணாடியைப் போட்டாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் நீதிபதி. "இயக்கப் பிரிவு இங்கயே உக்காந்திருக்காங்களே. அவங்க வாயால கேட்டுக்கலாமா?"

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள்.

இந்த அறையில் அவள் தம்பியை மறுத்துப் பேசியதில்லை. அப்பாவையும் மறுத்ததில்லை. பேசினால் தம்பி வெளியாள் முன்னால் தலைகுனிவான். பங்குதாரர் கூட்டத்தில் கேட்டது போதாது என்று இங்கேயும். பேசாவிட்டால் நாளைக்கு இன்ஜினியர் மறுபடி குத்துக்காலிட்டு உட்காருவார். நாலு தடவை எண்ணுவார். என்றாவது ஒரு நாள் ஐந்தாவது தடவையும் எண்ணி, அனுப்பிவிடுவார்.

"எனக்குச் சம்மதம் இல்ல," என்றாள்.

சின்னவனின் கை ரிமோட்டோடு அந்தரத்தில் நின்றது. "அக்கா! காலைல தட்டை எடுத்தியே!"



"எந்தத் தட்டு?" என்றார் நீதிபதி.

குறிப்பெடுக்கும் செயலாளர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "மேடம், தட்டு... இதைக் குறிப்புல போடணுமா?"

சித்தப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார். வீட்டு மேஜை, தட்டு, தொட்டி எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவர் குரலே அவருக்கு விசித்திரமாகக் கேட்டிருக்க வேண்டும். கடைசியில், "அது ஒரு வேடிக்கையான பழக்கம்," என்று முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"முதல் மீட்டிங்லேர்ந்து நானும் ஆச்சரியப்பட்டுக்கிட்டிருந்தேன், என்ன ஒத்துமையான குடும்பம்னு," என்றார் நீதிபதி. "கோர்ட்டுல எவ்வளவோ பாத்திருக்கேன். தீர்ப்பைச் சமையல்கட்டுல எழுதிட்டு வந்து விசாரணை நடத்தறதை இப்பதான் பாக்கறேன். அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? நானும் இந்த ரூமோட சோம்பேறிதானா?" அவர் பெரியவள் பக்கம் திரும்பினார். "சரி. எழுப்பிட்டீங்க. சொல்லுங்க, ஏன் சம்மதம் இல்ல?"

பெரியவள் காலையில் பார்த்ததைச் சொன்னாள். சொட்டு, கோடு, நாலு முறை எண்ணியது.

"ஒரு கசிவுக்காக ஒரு முழு விமானத்தை நிறுத்தி வைக்கணுமா?" சின்னவன் சுதாரித்துக்கொண்டான். "பெரிய கம்பெனியெல்லாம் இப்படித்தான் வெச்சிருக்கானா?"

"அவன்கிட்ட எண்பது விமானம் இருக்குடா. ஒண்ணு படுத்தா இதுலேர்ந்து கொஞ்சம், அதுலேர்ந்து கொஞ்சம்னு பிச்சு எடுத்துச் சமாளிப்பான். நம்ம கிட்ட இருக்கறது பத்து. பிச்சா கிழிஞ்சிடும்." அவள் கிளாஸைத் தள்ளிவைத்தாள். "சோம்பேறி பறக்கறதுக்காக நிக்கலை. ஒரு இன்ஜினியர் யாரையும் பாத்து பயப்படாம 'இது போகக் கூடாது'ன்னு சொல்றதுக்காக நிக்குது. அதை நீ திரையில பட்டையா போட முடியாது. அதனால உனக்கு அது சாம்பலா தெரியுது."

"அப்ப இன்ஜினியருக்குத் தைரியம் இல்லன்னா அதுக்கு நான் பொறுப்பா?"

"இன்னிக்கு அவருக்கு ரெண்டு தடவை போன் பண்ணினது யாரு?"

சின்னவன் திரையை அணைத்தான்.

"மதியம்தானே தீர்மானம்?" என்று நீதிபதி கேட்டார். "காலைல அந்த விமானத்தை ஏன் எழுப்ப முடியல?"

"சீட்டையெல்லாம் கழட்டியாச்சு," என்றாள் பெரியவள். "வாலுக்குக் காகிதம் ஒட்டியாச்சு."

சித்தப்பா திடுக்கிட்டுச் சின்னவனைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது.

"நாள் வீணாகக் கூடாதுன்னுதான்," என்றான் சின்னவன். "வாக்கு குடுத்துட்டேன் அவங்களுக்கு. எப்படியும் எல்லாரும் ஒத்துக்கத்தானே போறோம்னு..."

பாதியில் நிறுத்தினான். என்ன சொன்னோம் என்று அவனுக்கே அப்போதுதான் கேட்டது.

நீதிபதி அம்மாவிடம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "தலைவர் அவர்களே, ஒண்ணே ஒண்ணு. காலைல உங்க மகளுக்குப் போன் வந்ததை நீங்க பாத்தீங்களா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"பாத்தேன்."

"அதுக்காகத்தான் எழுந்து போனாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்." அம்மா பெரியவளைப் பார்க்காமல் பேசினாள். "தெரிஞ்சேதான் தட்டைக் கணக்குல எடுத்துக்கிட்டேன். இவன் இன்னொரு தடவை எல்லார் முன்னாடியும் தோத்துப் போறதை என்னால பாக்க முடியாது. அதனால."

"அம்மா..." என்றான் சின்னவன்.

"இங்க நான் அம்மா இல்லப்பா. அதைத்தான் மறந்துட்டேன்."

வாக்கெடுப்பு நடந்தது. அந்த அறையில் உண்மையாகவே நடந்த முதல் வாக்கெடுப்பு. சின்னவன் கை தூக்கினான். சித்தப்பாவின் கை பழக்கத்தில் பாதி எழுந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு முழுதாக எழுந்தது. எதிராகப் பெரியவள், நீதிபதி. இரண்டுக்கு இரண்டு.

அம்மா தன் கையையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் தூக்கினாள்.

"சீட்டைத் திரும்ப மாட்டுங்க," என்றாள். செயலாளரின் பேனா நிற்பதைப் பார்த்து, "எழுதுங்க. ஒருமனதா இல்லன்னு எழுதுங்க," என்றாள்.

---

மாலையில் வீடு திரும்பியபோது பெரியவளுக்கு வெற்றி பெற்ற மாதிரியே இல்லை. ஆபரேஷனுக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு மதியம்தான் இடம் கிடைத்தது. தாயை உள்ளே கொண்டுபோன பிறகுதான் போய்ச் சேர்ந்திருப்பாள். சோம்பேறியின் இருக்கைகள் இன்னும் தரையில்தான். நாளைக் காலை பத்து விமானங்களும் பின்னால் யாரும் இல்லாமல்தான் கிளம்ப வேண்டும். இன்ஜினியரிடம் சொல்லியிருந்தாள்: "எந்தச் சந்தேகம்னாலும் எண்ணாதீங்க, என்னைக் கூப்பிடுங்க."

அம்மா மேஜையில் மூன்று தட்டுகள் வைத்தாள். சித்தப்பா தலைவலி என்று வரவில்லை. அவர் இந்த வீட்டுக்கு வராமல் இருந்தது எப்போது என்று இருவருக்கும் நினைவில்லை.

"அவன் வர மாட்டாம்மா."

"வருவான். பசி தாங்க மாட்டான்."

வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தான். அம்மா பரிமாறினாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

"இனிமே இந்த மேஜையில சாப்பாடு மட்டும்தான்," என்றாள் அம்மா கொஞ்ச நேரம் கழித்து. "கம்பெனி பேச்சு வேணாம். அப்பா பழக்கம் அப்பாவோட போகட்டும்."

"ரொம்பச் சரி," என்றான் சின்னவன். குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் பெரியவளை நிமிர்ந்து பார்க்கவைத்தது. "அக்கா, நீ என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம். ஹேங்கரைப் பாத்ததும் ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "தெரியல," என்றான். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டான். "இன்னிக்கு நீ ரூம்ல பேசின. நல்லது. நானும் இனிமே ரூம்லதான் பேசுவேன். அந்த ரூம்லயும் முடியலைன்னா, அதைவிடப் பெரிய ரூம் ஒண்ணு இருக்கு. பங்குதாரர் எல்லாரும் உக்கார்ற ரூம். வர்ற வழியிலேயே ரெண்டு பேர்கிட்ட பேசிட்டேன்."

"என்னடா பேசின?"

"மேஜையில கம்பெனி பேச்சு வேணாம்னு அம்மா சொன்னாங்க இல்ல?"

எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான். வாசலில் செருப்பு மாட்டும் ஓசை கேட்டது. பிறகு கார் கிளம்பும் ஓசை.

அவனுடைய தட்டு மேஜைமேலேயே இருந்தது. துடைத்தது போல் சாப்பிட்டிருந்தான், ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. ஆனால் எடுக்கவில்லை.

பெரியவள் அதை எடுக்கக் கையை நீட்டினாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. அது அவன் எடுக்க வேண்டியது."

பழக்கம் அப்பாவோடு போகட்டும் என்று சொன்னவள், விளக்கை அணைக்காமல் அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.